மாப்பிள்ளை மேஜை

அன்று காலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் தம்பி, என் மகன், என் மருமகள், மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துச் சீருடையோடு வந்து உட்கார்ந்த என் மகள். வேறு யாரும் இல்லை. மாடி வீட்டம்மா இல்லவே இல்லை. பக்கத்தில் நின்று கேட்டவர் போல அவர் பேசிக்கொண்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

போன வாரம் கதையை விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என் மருமகளுக்குச் சம்பளம் வருகிறது, வேலை வரவில்லை.

அவள் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் இருக்கிறாள். எந்த லாரி எந்தச் சுமையோடு எந்த வழியில் போக வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. இந்த ஆண்டு அதைச் செய்யக் கணினிக்குள் ஒரு புது ஏற்பாடு வந்தது. வந்த கையோடு பணியாளர் பிரிவு மேலாளர் அவளைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொண்டால் உங்களுக்கும் நிம்மதி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வதால் அலுவலகத்தில் அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர்.

நானாக விடமாட்டேன், அனுப்புவதென்றால் நீங்கள் அனுப்புங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். அவர்கள் அனுப்பினால், இத்தனை வருட உழைப்புக்குச் சட்டப்படி சேர வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும். அவளாகவே விட்டால் கைகழுவிவிடலாம். அதனால் அனுப்பவில்லை. மாடிப்படிக்குக் கீழே, நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு வெறும் மேஜையைக் காட்டினார்கள். உட்காருங்கள், வேலை வரும் என்றார்கள்.

அந்த மேஜையில் கணினி கிடையாது. தொலைபேசி கிடையாது. படி ஏறுகிறவரும் இறங்குகிறவரும் உட்கார்ந்திருப்பவரைக் கல்யாண வீட்டு மாப்பிள்ளையைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதால் அதற்கு மாப்பிள்ளை மேஜை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர் கணக்குப் பிரிவுக்காரர். நல்ல உழைப்பாளி. ஒரு வாரம் தாங்கவில்லை. ஒரு மாலையில் அவராகவே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மருமகள் அந்தக் கணக்குப் பிரிவுக்காரரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அவர் சொன்னவற்றை அவள் எங்களிடம் ஒப்பித்ததுதான் போன வாரக் கதை. கூப்பிட்ட அன்றே எதிலும் கையெழுத்துப் போடாதே, படித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வா. தினமும் காலையில் இன்று எனக்கு என்ன வேலை என்று மின்னஞ்சல் அனுப்பு, பதில் வராவிட்டாலும் அனுப்பு. நேரத்துக்குப் போ, நேரத்துக்குத் திரும்பு. அந்த மேஜையில் வைத்துச் சாப்பிடாதே, வெளியே போய்க் காற்றாடச் சாப்பிடு. வீட்டில் மறைக்காதே. கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கே தெரியாமல் போனது என்றாராம். அவர் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறார்.

இவள் மறைக்கவில்லை. எங்களிடம் சொன்னாள். சொன்னதால்தான் இந்த வாரத்துச் சங்கடமே வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே ஒரு பேச்சு வார்த்தை என்றால் அதற்குப் போகிற ஆள் என் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் மாமா. ஒரு பெரிய தியேட்டரில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். அரங்கு நிறைந்த கூட்டத்தில் கடைசி வரிசையில் சலம்பல் செய்கிறவனை நின்ற இடத்திலிருந்தே வெளியேற்றிய குரல் அது. என் மகனுக்குப் பள்ளியில் இடம் மறுத்தபோது அவன்தான் போனான். என் கணவரை ஆஸ்பத்திரியில் சரியாகக் கவனிக்காதபோது அவன்தான் போனான். போகும்போது ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வான். அதை அவனேதான் இஸ்திரி போடுவான், யாரையும் தொடவிடமாட்டான். அந்தச் சட்டை கொடியில் தொங்கினால் யாருக்கோ இன்று கிடைக்கப்போகிறது என்று பிள்ளைகள் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டார்கள்.

அன்று காலை சட்டை தொங்கியது.

மருமகள் அதைப் பார்த்தாள். ரொட்டியை வைத்துவிட்டு, வேண்டாம் மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவன் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நம் வீட்டுப் பெண்ணைப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார வைத்திருக்கிறார்கள், அதை நான் கேட்காமல் வேறு யார் கேட்பது என்று என்னைப் பார்த்துச் சொன்னான். என் மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவிக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. அவன் கவனம் வேறெங்கோ இருந்தது.

மரியாதையாக நடத்துங்கள், வேலையைக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வா என்று தம்பியிடம் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மருமகளுக்குப் பேருந்து வந்துவிடும். இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. அவள் போனதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

நண்பகலுக்கு முன்பே தம்பி திரும்பி வந்தான். நடையே வேறாக இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"முடிச்சிட்டேன் அக்கா."

என்ன முடிந்தது என்று கேட்டேன். சொன்னான். லிப்டில் ஏறி நேராக மேலாளர் அறைக்குப் போயிருக்கிறான். மாப்பிள்ளை மேஜையைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அவர் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உங்கள் வேலையை நம்பி எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எங்கள் வீட்டுப் பெண் இனி இந்த வாசலில் காலெடுத்து வைக்கமாட்டாள், உங்கள் மேஜையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிறான்.

அடுப்பு எதை நம்பி எரிகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை நான் அப்போது சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன். அதற்கு அந்த ஆள் என்ன சொன்னார்?

"என்ன சொல்லுவான்? வாயடைச்சுப் போயிட்டான். எழுந்து வந்து கையைக் குலுக்கினான். லிப்ட் வரைக்கும் கூடவே வந்து பட்டனையும் அவனே அமுக்கினான்."

என் மகள் தூங்கப் போகாமல் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, நீங்க இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட இப்படிப் பேசப் போயிருக்கீங்க?"

"கணக்கு வெச்சிருக்கேனா என்ன."

"அதுல யாராவது ஒருத்தர் உங்களுக்குக் கை குடுத்திருக்காங்களா?"

அவன் காலித் தம்ளரை மறுபடி வாயில் வைத்தான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சண்டையில் தோற்றவன் வென்றவனை லிப்ட் வரை கொண்டுவந்து விடுவதில்லை. ஒரு மாதமாக எதற்காக அவளைப் படிக்கட்டின் கீழே உட்கார வைத்துக் காத்திருந்தார்களோ அதை என் தம்பி தானாகக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இஸ்திரி போட்ட சட்டையோடு.

சாப்பாட்டு வேளை கழிந்து தொலைபேசி அடித்தது. மருமகள். பின்னால் லாரிகளின் ஹாரன் கேட்டது.

"அத்தை, மாமா இன்னிக்கு இங்க வந்தாரா?"

"வந்தார்."

"என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க. அழகாக்காதீங்க."

சொன்னேன். ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. பிறகு அவள் அங்கே நடந்ததைச் சொன்னாள். வழக்கம்போல வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து அடையாள அட்டையை வைத்தால் வாசல் திறக்கவில்லை. காவலர் கீழே பார்த்துக்கொண்டே, உங்க வீட்டிலிருந்து வந்து வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாமே அம்மா, மேலிருந்து அட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றாராம்.

நான் வீட்டுக்கு வந்துவிடு, உட்கார்ந்து யோசிப்போம் என்றேன்.

"வர மாட்டேன் அத்தை. இப்ப இந்தக் கேட்டை விட்டு நகர்ந்தா, நானாவே போயிட்டேன்னு ஆயிடும். அதுக்குத்தான் திறக்காம வெச்சிருக்காங்க. நான் கேமரா பார்க்கிற இடத்துல நிக்கறேன். வேலைக்கு வந்து வாசல்ல நிக்கறேன், அட்டை வேலை செய்யல, நான் ராஜினாமா பண்ணலன்னு சாருக்கு மெயில் அனுப்பிட்டேன். தொழிலாளர் ஆபீசுக்கும் அதே மெயில் போயிருக்கு."

"நாங்க என்ன செய்யணும்?"

"மாமாவைக் கூட்டிட்டு வாங்க. அதே சட்டையோட."

தொலைபேசியை வைத்தேன். தம்பி அதற்குள் சட்டையைக் கழற்றியிருந்தான். அதை மறுபடி போடச் சொன்னபோது அவன் முகம் போன போக்கை என்னால் விவரிக்க முடியாது. விவரிக்கவும் மாட்டேன், என் கூடப் பிறந்தவன்.

சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கினதே இல்லை அக்கா என்றான். இந்த வயதில் போய் அந்தச் சிரிப்புக்காரன் முன்னால் வார்த்தையை விழுங்கச் சொல்கிறாயா என்றான். வேண்டுமானால் அந்த வேலை போகட்டும், நான் வேறு இடத்தில் சொல்லி வாங்கித் தருகிறேன், எனக்குத் தெரியாத ஆளா என்றான். எந்த இடம், எந்த ஆள் என்று என் மகள் கேட்டாள். யோசித்தான். அவனுக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மீதிப் பேரைப் பற்றி அவன் பேசவில்லை.

"குடும்ப மானத்துக்காகத்தான் அக்கா பேசினேன்."

இந்த வீட்டில் மானத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டியதில்லை. கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு ஒருவரிடமும் கை நீட்டாமல் நிமிர்ந்து நின்றவள் நான். வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் நிற்காதே என்றுதான் பிள்ளைகளை வளர்த்தேன். அது விருந்துக்குப் போகிற வீட்டுக்குப் பொருந்தும். உழைத்த இடத்துக்குப் பொருந்தாது. உழைத்த இடத்தில், போ என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதைத் தங்கள் வாயால் சொல்லக் கூசுகிறவர்களுக்காக நம் வாயை ஏன் கடன் கொடுக்க வேண்டும்? நாம் தலை நிமிர்ந்து வெளியேறுவதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். எவ்வளவு நிமிர்ந்து போகிறோமோ அவ்வளவு சுலபம் அவர்களுக்கு.

இதைத்தான் தம்பியிடம் சொன்னேன், இன்னும் கொஞ்சம் கடுமையாக. கடைசியில், மானம் உன்னுடையதா, வேலை பார்ப்பவளுடையதா என்று கேட்டேன். அவன் எழுந்து சட்டையை மாட்டினான். மேல் பொத்தான் வரை போட்டான். இஸ்திரி கலைந்திருந்தது. முதல் முறையாக அப்படியே கிளம்பினான்.

மகளும் சீருடையோடு காரில் ஏறிக்கொண்டாள். தூங்கவில்லையா என்றேன். இதைப் பார்க்காமல் தூங்கினால் கனவில்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள். மகனுக்குப் போன் செய்தோம். எடுக்கவில்லை.

நிறுவனத்தின் வாசல் பெரிய வாசல். ஒரு பக்கம் லாரிகள் போக அகன்ற இரும்புக் கதவு. இன்னொரு பக்கம் ஆட்கள் போக அட்டை வைத்தால் சுழலும் சின்னத் தடுப்பு. தடுப்புக்கு முன்னால், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள், தோளில் பையோடு என் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். காவலர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டிருந்தார். அவள் உட்காரவில்லை. ஏன் என்று மகள் கேட்டதற்கு, வேலைக்கு வந்தவள் நிற்கிற படம் வேறு, பார்க்க வந்தவள் உட்கார்ந்திருக்கிற படம் வேறு, கேமராவுக்கு அந்த வித்தியாசம் தெரியும் என்றாள். வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

சுமை ஏற்ற வந்த ஓட்டுநர்கள் நாலைந்து பேர் லாரி நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வழிகளையெல்லாம் இத்தனை வருடம் போட்டவள் அவள். எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் வண்டியையும் எடுக்கவில்லை.

மருமகள் எங்களை நிறுத்தி, செய்ய வேண்டியதைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். மாமா காலையில் சொன்னது அவருடைய பேச்சு, என்னுடையதல்ல என்று மட்டும் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டாம். திட்ட வேண்டாம். என் வேலையைப் பற்றி, என் திறமையைப் பற்றி, நம் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவர் என்ன கேட்டாலும் அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

"மாமாவால அது முடியுமா?" என்று மகள் கேட்டாள்.

தம்பி அவளை முறைத்தான். ஆனால் பதில் சொல்லவில்லை. அதுவே நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன்.

லாரிகள் கிளம்பாமல் நிற்பது மேலே தெரிந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் சிரிப்பு சார் இறங்கி வந்தார். நான் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒல்லியான, சுத்தமான மனிதர். வெயிலில் நிற்க வைத்துவிட்டோமே என்று வருந்தினார். எல்லோரும் உள்ளே வாருங்கள், குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பேசலாம் என்றார். அவர் கண் காட்டியதும் காவலர் நான்கு அட்டைகளை எடுத்து நீட்டினார். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டைகள். பார்வையாளர் என்று பெரிதாக எழுதியிருந்தது.

நான் ஒன்றை வாங்கினேன். தம்பி வாங்கினான். மகள் வாங்கினாள். நான்காவது அட்டை காவலர் கையிலேயே நின்றது.

"இது எனக்கு வேண்டாம் சார்," என்றாள் மருமகள். "எனக்கு அட்டை இருக்கு. அது திறந்தா உள்ள வரேன்."

"ஒரு சம்பிரதாயம்தாம்மா. உள்ள போய்ப் பேசிக்கலாமே."

"பார்வையாளரா உள்ள வந்தா, வேலையில இருக்கேன்னு பேச முடியாது சார். இங்கேயே பேசலாம். எனக்கு வெயில் பழக்கம்தான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இப்போது கொஞ்சம் உழைப்பு தெரிந்தது. காலையில் உங்கள் வீட்டுப் பெரியவர் வந்து தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார், குடும்பமாக யோசித்து எடுத்த முடிவு என்று நான் மதித்தேன், இப்போது மாற்றிப் பேசுவது உங்களுக்கே நன்றாக இருக்காது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நன்றாக இருக்காது என்ற அந்த இரண்டு சொல்லில்தான் எத்தனை பேர் தங்கள் சோற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"குடும்பத்துல மூத்தவ நான்," என்றேன். "அப்படி ஒரு முடிவு எங்க வீட்ல எடுக்கல."

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். நாங்கள் எல்லோரும் திரும்பினோம். ஓட்டுநர்களும் திரும்பினார்கள்.

என் தம்பி தொண்டையைச் செருமினான். மெதுவாகப் பேசப் பார்த்தான். அது அவனுக்கு வராது. வந்தது தியேட்டர் குரல்தான்.

"காலையில நான் சொன்னது என் பேச்சு. அவ பேச்சு இல்ல."

"ஆனா நீங்க வேலை வேண்டாம்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன். என் பேச்சு. அவ பேச்சு இல்ல."

"உங்க வீட்டுப் பெண் இனிமே இங்க வர மாட்டாங்கன்னு."

"என் பேச்சு. அவ பேச்சு இல்ல."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மருமகள் சொன்னதும் அதுதான். ஆனால் அவன் என் தம்பி. சிரிப்பு சாரை ஒரு பார்வை பார்த்தான்.

"சார், இந்தக் கம்பெனியில நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்ல. இன்னிக்குக் காலையில எப்படியோ ராஜினாமா பண்ணிட்டேன். அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். என்னோடதை மட்டும்."

லாரி நிழலில் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பேசியவனை விட்டுவிட்டால், அந்த வாசலில் சிரிக்காமல் நின்றவர்கள் மூன்று பேர். நான், மருமகள், சிரிப்பு சார்.

அவர் கைபேசியை எடுத்து ஓரமாகப் போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, அட்டையில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறாம், சரி செய்யச் சொல்லிவிட்டேன், நீங்கள் உள்ளே போகலாம் என்றார். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். மருமகள் நகரவில்லை.

"அதை எழுத்துல அனுப்பிடுங்க சார்."

"எதையம்மா?"

"கோளாறுன்னு சொன்னீங்களே, அதை. மதியத்துல இருந்து நான் வாசல்ல நின்னதுக்குக் காரணம் வேணும்ல. நாளைக்கு யாராவது நான் பாதி நாள் இல்லன்னு சொன்னா என்கிட்ட காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அவர் நின்றார். லாரிகளைப் பார்த்தார். கைபேசியில் விரலை ஓட்டினார். அவள் பைக்குள் ஒலி கேட்டது. அவள் எடுத்து, அவசரப்படாமல், முழுவதும் படித்தாள். நன்றி சார் என்றாள். பிறகு அட்டையை வைத்தாள். தடுப்பு சுழன்றது. உள்ளே போனாள்.

எங்கே போனாள் என்று கேட்கிறீர்களா? மாப்பிள்ளை மேஜைக்குத்தான். அன்று வேலையும் வரவில்லை, கணினியும் வரவில்லை. ஒன்றும் மாறிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மேஜையில் இருந்து அவளை எழுப்ப வேண்டுமென்றால் அவர்களேதான் எழுப்ப வேண்டும் என்பது அன்று அந்த வாசலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நாங்கள் பார்வையாளர் அட்டையைக் கழற்றாமல் வரவேற்பறைச் சோபாவில் அலுவலகம் முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் போகச் சொல்லவில்லை. அங்கிருந்து கண்ணாடி வழியே மாடிப்படியின் அடிப்பகுதி தெரிந்தது. வெறும் மேஜை மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஏறுகிறவர்கள் பார்த்தார்கள், இறங்குகிறவர்கள் பார்த்தார்கள். அவளும் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் கண்ணை எடுத்தவர்கள் அவர்கள்தான். முதுகு நாற்காலியில் சாயவில்லை. அது எங்கள் வீட்டு முதுகு. எங்கள் வீட்டில் பிறந்ததல்ல, வாழ வந்தது, ஆனாலும் என் முதுகைவிட நேராக நிற்கிறது. மகள் சோபாவிலேயே தூங்கிப்போனாள். தம்பி ஒரு பழைய பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் சொல்லவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் தம்பி அந்தச் சட்டையைத் தானே துவைத்துக் கொடியில் போட்டான். கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றான். பிறகு சமையலறை வாசலுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை, அந்தக் குறை எங்கள் பக்கத்து ரத்தத்திலேயே உண்டு.

"நாளைக்கு நான் வரணுமா?" என்றான்.

"வேண்டாம் மாமா," என்றாள் மருமகள். "சட்டை மட்டும் தயாரா இருக்கட்டும். தேவைப்பட்டா நானே கூப்பிடறேன். என்ன சொல்லணும்னும் சொல்லிடறேன்."

"ஒரு வரிக்கு மேல சொல்லிக்கலாமா?"

"அந்தக் கடைசி வரி நல்லாத்தான் இருந்தது மாமா. அதுக்காக அதைப் பழக்கமாக்கிக்காதீங்க."

அவன் தலையசைத்தான். எங்கள் வீட்டு வழக்கம் அந்த இடத்தில் மாறியது. இனி யாருக்காகப் பேசப் போகிறோமோ அவர் சொல்லாமல் கொடியில் சட்டை தொங்காது. இதை நான் உத்தரவாகவே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

மகன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டேன். மீட்டிங் என்றான். நடந்ததை அவன் தங்கை நடித்தே காட்டினாள், மாமாவின் குரலோடு. அவன் சிரித்தான். சிரிப்பு கண்வரை போகவில்லை. சாப்பிட்டு முடித்து எல்லோரும் எழுந்த பிறகும் அவன் உட்கார்ந்திருந்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் போய், தினமும் காலையில் அனுப்புகிறாயே ஒரு மெயில், இன்று எனக்கு என்ன வேலை என்று, அதை எப்படி எழுதுகிறாய், கொஞ்சம் காட்டு என்றான்.

அவள் குழாயை நிறுத்தினாள்.

"உங்களுக்கு எதுக்கு அது?"

சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் என் மகன். சும்மா எதையும் கேட்கிற பிள்ளையல்ல.

அதற்கு மேல் அன்று நான் கேட்கவில்லை. வாசலில் காலடி கேட்டது. மாடி வீட்டம்மா. தயிருக்கு உறை கேட்டு வந்தவர் போலக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, உங்கள் மருமகள் வேலையை விட்டுவிட்டாளாமே, உங்கள் தம்பியே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராமே, தெருவில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்களே என்று அனுதாபத்தோடு விசாரித்தார். அவருக்குச் சொன்னதையே தெருவுக்கும் சொல்கிறேன். அது பொய். என் மருமகள் வேலையை விடவில்லை. நாளைக் காலை வழக்கமான பேருந்துக்கு அவள் வேலைக்குப் போகிறாள்.